முழங்கால் தெரிஞ்சா மரியாதை போயிடுமா?

வேட்டி, கில்ட், லுங்கி... ஆபீஸ் வாசலில் தயங்கி நிற்கும் உடைகளின் கதை!

சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி மேலே போனால், கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரத்தில் ஏற்காடு. காபிச் செடி, மிளகுக் கொடி, சில்வர் ஓக் மரங்கள், நடுவிலே ஒரு ஏரி, எந்நேரமும் லேசாக ஒரு சிலுசிலுப்பு...

ஒரு காலத்தில் இந்த மாதிரி மலை எஸ்டேட்டுகளில் துரை ரவுண்டு வருவார். காக்கி அரை டிரவுசர், முழங்காலுக்குக் கீழ் வரை இழுத்துவிட்ட ஸ்டாக்கிங்ஸ், தலையில் தொப்பி. டிரவுசர் முடிகிற இடத்துக்கும் ஸ்டாக்கிங்ஸ் ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவே நாலு விரற்கடை முழங்கால் பளீரென்று தெரியும். அதற்குப் பெயர் 'டீசன்ட் டிரெஸ்'!

எதிரே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணக்குப்பிள்ளை வருவார். துரையைப் பார்த்ததும் பதறியடித்து மடிப்பை அவிழ்த்து, கணுக்கால் வரை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். ஏனென்றால் அவர் முழங்கால் தெரிந்தால் அது மரியாதைக் குறைவு!

ஒரே மலை. ஒரே குளிர். அதே முழங்கால். ஒன்று டீசன்ட், இன்னொன்று அவமரியாதை. இந்தக் கணக்கைப் போட்டது யார்?

'அதெல்லாம் அந்தக் காலம் சார்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். துரை கப்பலேறிப் பல வருஷம் ஆன பிறகும் இந்தக் கணக்கு நம் ஆபீஸ்களிலும் கிளப்களிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சரி செய்ய ஒரு சட்டமே போட வேண்டி வந்தது!

பாவாடை இல்லை சார், கில்ட்!

ஏற்காட்டில் காபி வந்த கதையைக் கேட்டால், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் பெயரைச் சொல்வார்கள். காபியோடு பேரிக்காய், ஆப்பிள் என்று இந்த மலையில் நட்டுப் பார்த்தவர். பெயரே ஸ்காட்லாந்துப் பெயர். அதற்கும் முன்னால், திப்பு சுல்தானிடமிருந்து 1792ல் சேலம், பாராமகால் பகுதி கம்பெனி கைக்கு வந்ததும், இங்கே நிலவரி வேலை பார்க்க வந்து சேர்ந்த இளைஞர் தாமஸ் மன்றோ. அவரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரர்தான். பின்னாளில் மெட்ராஸ் கவர்னராகி, இன்று தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்!

ஆக, நம்ம ஊர் மலைக்கும் ஸ்காட்லாந்துக்கும் பூர்வ ஜென்ம பந்தம் கொஞ்சம் உண்டு. அந்த ஊர் ஆண்களின் பாரம்பரிய உடை, கில்ட். கட்டம் போட்ட கம்பளித் துணி; இடுப்பிலிருந்து முழங்கால் வரை; பின்பக்கம் பூராவும் கொசுவம். முழுசாகத் தைக்க சுமார் எட்டு கஜம் துணி பிடிக்கும். அதாவது பதினாறு முழம்! நம்ம எட்டு முழத்தைப் போல இரண்டு மடங்கு. பாக்கெட் கிடையாது. அதனால் முன்பக்கம் ஒரு தோல் பையைத் தொங்கவிட்டுக் கொள்வார்கள். நம்ம பாட்டிகள் இடுப்பில் சொருகுகிற சுருக்குப்பையின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதில் இன்னொரு விசேஷம். பழைய காலத்து கில்ட் தைத்ததே கிடையாது. வெறும் நீளத் துணி. தரையில் விரித்து, கொசுவம் வைத்து, அதன் மேல் படுத்து, பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு எழுந்திருப்பார்களாம். மிச்சத் துணி தோளுக்கு மேலே. நம்ம வேட்டியும் துண்டும் மாதிரியேதான்!

அதை அரைக்கு மட்டும் என்று சுருக்கியது எப்படி? 1720களில் ஸ்காட்லாந்தில் இரும்பு உருக்கும் பட்டறை நடத்திய ராலின்சன் என்ற இங்கிலீஷ்காரர், 'இத்தனை துணியைச் சுற்றிக்கொண்டு உலைக்குப் பக்கத்தில் வேலை செய்யமுடியாதே' என்று மேல் பாதியைக் கழித்துவிட்டாராம். இப்படி ஒரு கதை உண்டு. 'எங்க உடையை ஒரு இங்கிலீஷ்காரன் வெட்டித் தந்தானா?' என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் இதைக் காதிலேயே போட்டுக் கொள்வதில்லை. கதை நிஜமானால், இன்றைக்குக் கல்யாணத்தில் கம்பீரமாகக் கட்டிக்கொள்ளும் கில்ட், பிறந்தபோது 'ஒர்க் டிரெஸ்'!

முப்பத்தாறு வருஷத் தடை

1746 ஏப்ரலில் கல்லோடன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் தோற்றார்கள். ஜெயித்த லண்டன் சர்க்கார் ஆயுதங்களைப் பறித்தது. அதோடு விட்டதா? இடுப்புத் துணியிலும் கை வைத்தது. ராணுவத்தில் இருப்பவர்களைத் தவிர ஸ்காட்லாந்தில் எந்த ஆணும், பையனும், மலைநாட்டு உடை உடுத்தக் கூடாது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாசம் ஜெயில். இரண்டாவது தடவை மாட்டினால் ஏழு வருஷம் கடல் கடந்து நாடு கடத்தல்!

ஒரு முழத் துணிக்கு ஏழு வருஷமா என்று வாய் பிளக்காதீர்கள். 'நீ யார்' என்பதை உன் உடம்பிலிருந்து உரித்து எடுப்பதுதான் அதன் நோக்கம். அதே உடையை, தன் பட்டாளத்தில் சேர்ந்தவன் மட்டும் உடுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது பாருங்கள்... அங்கேதான் சூட்சுமம். எனக்குச் சேவகம் பண்ணும்போது கட்டினால் வீரம். உன் வீட்டில் கட்டினால் குற்றம்!

1782ல் தடை நீங்கியது. அடுத்த நாற்பது வருஷத்துக்குள் காட்சி அப்படியே தலைகீழ். 1822ல் எடின்பரோவுக்கு விஜயம் செய்த நாலாம் ஜார்ஜ் மன்னர், தானே கில்ட் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஏற்பாடெல்லாம் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுடையது. மன்னர் கொஞ்சம் பெரிய சரீரம். கில்ட்டுக்குள்ளே தோல் நிறத்தில் இறுக்கமாக ஒரு கால்சராய் வேறு! கார்ட்டூன்காரர்கள் சும்மா விடுவார்களா, வறுத்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ராஜாவே கட்டிக்கொண்ட பிறகு யார் வாயைத் திறப்பது? நேற்றுவரை ஜெயில், இன்று ஃபேஷன்.

இன்றைக்கு ஸ்காட்லாந்தில் கில்ட் எப்போது வெளியே வருகிறது? கல்யாணம், திருவிழா, ரக்பி, ஃபுட்பால். மற்ற நாளெல்லாம் ஆபீசுக்கு பேண்ட்தான். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்ம வேட்டியும் அப்படித்தானே... முகூர்த்தம், பொங்கல், தேர்தல்!

சேப்பாக்கத்தில் நின்ற வேட்டி

2014 ஜூலை 11. சென்னை சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. அழைப்பிதழ் வாங்கிக்கொண்டு, வேட்டி சட்டையில் வந்தார் ஒருவர். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 'எங்க விதிப்படி வேட்டிக்கு அனுமதி இல்லை!'

வந்தவர் யார்? சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி அரிபரந்தாமன். அன்றைக்கு வேட்டியில் வந்த வழக்கறிஞர்களுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். இந்திய பார் கவுன்சில் விதிகள், ஆண் வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டுக்குக் கீழே என்ன அணியலாம் என்று பட்டியல் போடுகின்றன. முழுக்கால் சராய் உண்டு, வேட்டியும் உண்டு, ஜீன்ஸ்தான் கூடாது. அதாவது, வேட்டி கட்டிக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் நின்று ஒரு மனிதனின் உயிருக்காக வாதாடலாம். ஆனால் நாலு தெரு தள்ளி கிளப்பில் போய் ஒரு கப் காபி குடிக்க முடியாது!

கிளப்காரர்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. 'இது தனியார் அமைப்பு. உறுப்பினர்கள் சேர்ந்து போட்ட விதி. பிடிக்காதவர்கள் வரவேண்டாமே?' மெட்ராஸ் கிளப் 1832ல் ஆரம்பித்தது, ஜிம்கானா கிளப் 1884ல். வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட பழக்க வழக்கங்கள். அவர்கள் போனார்கள், நாற்காலிகள் இருந்தன, அந்த நாற்காலிகளில் நம்மவர்கள் உட்கார்ந்தார்கள், விதியும் அப்படியே உட்கார்ந்துகொண்டது. இது சென்னை விவகாரம் மட்டுமல்ல. பம்பாயின் வில்லிங்டன் கிளப்பில் 1988ல் ஓவியர் எம்.எஃப். ஹுசைனை உள்ளே விடவில்லை. காரணம், அவர் வழக்கம்போல வெறுங்காலில் போயிருந்தார்!

சேப்பாக்கம் சம்பவம் சட்டசபை வரை போயிற்று. கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் கொதித்தார்கள். ஒரே மாதத்தில், 2014 ஆகஸ்டில், முதல்வர் ஜெயலலிதா கொண்டுவந்த மசோதா நிறைவேறியது. தமிழ்ப் பண்பாட்டைப் பிரதிபலிக்கும் வேட்டியையோ, வேறு எந்த இந்தியப் பாரம்பரிய உடையையோ கண்ணியமாக அணிந்துவரும் ஒருவரை, உடையை மட்டுமே காரணம் காட்டி கிளப், அரங்கம், தியேட்டர் போன்ற பொது இடங்களில் தடுக்கக் கூடாது. மீறினால் லைசென்ஸ் போகும். தடுத்தவருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம்.

ஸ்காட்லாந்தில் கில்ட் கட்டியவனுக்கு ஜெயில் என்றார்கள். இங்கே வேட்டி கட்டியவனைத் தடுத்தவனுக்கு ஜெயில். உலகம் சுற்றித்தான் வருகிறது!

சரி, ஆபீசுக்குக் கட்டலாமா?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். 2014 சட்டம், பொது இடத்துக்குள் 'நுழைவது' பற்றியது. ஒரு கம்பெனி தன் ஊழியருக்கு யூனிஃபார்ம் கொடுத்து 'இதைத்தான் போடணும்' என்றால், அது வேறு சமாசாரம். போலீஸ்காரரோ, பஸ் கண்டக்டரோ 'எனக்கு வேட்டிதான் சௌகரியம்' என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அரசு ஆபீஸ்களில்? 2019ல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. பெண்கள் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் அணியலாம். ஆண்கள் சட்டையுடன் ஃபார்மல் பேண்ட் அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி அணியலாம். கருகருவென்று எழுத்திலேயே இருக்கிறது, வேட்டி! கூடாது என்றது 'கேஷுவல்' உடைகளைத்தான். அந்த 'கேஷுவல்' எது என்பதுதான் அடுத்த தலைவலி. 2024 அக்டோபரில், துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் அரசு நிகழ்ச்சிகளுக்கு டி-ஷர்ட் போட்டு வருவதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கே வந்தது. ஒரு பக்கம் வேட்டியை உள்ளே விடு என்று சட்டம். இன்னொரு பக்கம் டி-ஷர்ட்டை வெளியே விடு என்று வழக்கு. தையல்காரர்களை விட வக்கீல்களுக்குத்தான் உடை விஷயத்தில் நல்ல வருமானம்!

மெஷின் இருக்கிற இடம் மட்டும் விதிவிலக்கு. ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்பவருக்கு உடம்போடு ஒட்டிய உடை வேண்டும், அதையும் நிர்வாகமே தரவேண்டும் என்றது 1948ன் தொழிற்சாலைகள் சட்டம். இதில் மானம், பண்பாடு என்று சண்டைக்குப் போகக் கூடாது. பெல்ட்டில் வேட்டி நுனி மாட்டினால் பண்பாடா வந்து காப்பாற்றும்? காபிக்கொட்டை உடைக்கும் மில்லோ, நூற்பாலையோ, உயிர்தான் முதல். காரணம் சொல்லக்கூடிய விதி நல்ல விதி. காரணம் கேட்டால் கோபப்படுகிற விதிதான் சந்தேகத்துக்குரியது.

நிறைய ஆபீஸ்களில் விதி எழுத்தில் இருப்பதே கிடையாது. மேனேஜரின் புருவத்தில்தான் இருக்கும்! ஏற்காட்டில் ஒரு சின்ன ஆபீஸ், மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த மேனேஜர், உள்ளூர் குமாஸ்தா... என்று ஒரு கற்பனை செய்து பார்ப்போமா?

"என்னப்பா இது, வேட்டியில வந்திருக்கே?"

"ஏனுங்க சார், கிழிஞ்சிருக்குதுங்களா?"

"கிழியலப்பா. டிரெஸ் கோடுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை நாலு தரம் படிச்சுப் பார்த்துட்டேனுங்க. 'நேரத்துக்கு வரணும்'னு இருக்கு. வந்துட்டேன். 'நாகரிகமா உடுத்தணும்'னு இருக்கு. உடுத்திட்டேன்."

"நாகரிகம்னா பேண்ட்டுய்யா!"

"சார் உங்க கல்யாணத்துல என்னங்க போட்டிருந்தீங்க?"

"அது... பட்டு வேட்டி."

"எங்க சேலத்து வெண்பட்டுங்களா சார்?"

"ஆமாம்னு நினைக்கிறேன்."

"அன்னிக்கு நாகரிகமாத்தானுங்களே இருந்தீங்க? போட்டோவைக்கூட மேஜை மேலே வெச்சிருக்கீங்களே!"

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மலையடிவாரத்தில் சேலத்துத் தறிகளில் நெய்த வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற அன்று மாப்பிள்ளைக்கு அதைவிட உயர்ந்த உடை இல்லை என்கிறோம். மறுவாரம் அதே மாப்பிள்ளை அதன் பருத்தி அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினால், 'ஏங்க, லீவா?' என்று கேட்கிறோம். இதில் நெசவாளியின் வயிறும் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு நாள் கட்டுகிற துணியை நம்பி எத்தனை தறி ஓடமுடியும்? பொங்கலை ஒட்டி 'வேட்டி தினம்' என்று கோ-ஆப்டெக்ஸ் கொண்டாட ஆரம்பித்தது இந்தக் கவலையில்தான். அந்த ஒரு நாள் கலெக்டர் ஆபீசிலிருந்து கல்லூரி வரை வெள்ளை வெளேர் என்று இருக்கும். மறுநாள் பீரோவுக்குள் போய்விடும்!

பாவாடை கட்டிய டிரைவர்கள்

வெளிநாட்டில் இதைவிட வேடிக்கை. 2013 கோடையில் ஸ்வீடனில் ரயில் ஓட்டுநர்கள் சிலர் பாவாடை கட்டிக்கொண்டு டியூட்டிக்கு வந்தார்கள். வெயில் தாங்கவில்லை, அரை டிரவுசர் கேட்டார்கள், நிர்வாகம் முடியாது என்றது. ஆனால் விதியில் பாவாடை உண்டு. 'பெண்கள் மட்டும்' என்று எழுத மறந்துவிட்டார்கள்! 2017 ஜூனில் ஃபிரான்சின் நான்ட் நகரத்து பஸ் டிரைவர்கள் இதே வழியில் போனார்கள். அதே மாதம் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரத்து ஸ்கூல் பையன்கள், அக்கா தங்கைகளிடம் இரவல் வாங்கிய பாவாடையில் வகுப்புக்கு வந்தார்கள். ஸ்வீடனிலும் நான்ட்டிலும் நிர்வாகம் சீக்கிரமே இறங்கி வந்து, அரை டிரவுசருக்குத் தலையாட்டிவிட்டது.

சண்டை, கோஷம், கல்வீச்சு எதுவும் இல்லை. விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தே விதியைச் சிரிக்க வைத்துவிட்டார்கள்!

எல்லா நாட்டிலும் இந்தத் தகராறு இல்லை. பூட்டானில் அரசு ஆபீசுக்குப் போகிற ஆண் 'கோ' என்ற முழங்கால் வரையிலான அங்கியும் நீள சாக்ஸும் போட்டே ஆகவேண்டும். ஃபிஜி தீவில் போலீஸ்காரரின் யூனிஃபார்மே, ஓரம் ரம்பப் பல்லாக வெட்டிய வெள்ளை 'சுலு'. நம்ம நாலு முழத்தின் தம்பி! அவரிடம் போய் 'பேண்ட் இல்லாமல் அதிகாரம் வருமா?' என்று கேட்டுப் பாருங்கள், லத்தி பதில் சொல்லும்.

உலகத்திலேயே கெடுபிடியான டிரெஸ் கோடு என்றால் நோபல் பரிசு விழாவைச் சொல்லலாம். வால் வைத்த கறுப்புக் கோட்டு, வெள்ளை 'போ' டை என்று சகலமும் அளவெடுத்தது. ஆனால் அங்கேயும் ஒரு வார்த்தையைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்: 'அல்லது தேசிய உடை.' அந்த ஒரு 'அல்லது'வைப் பிடித்துக்கொண்டு, 2019 டிசம்பர் 10ம் தேதி ஸ்டாக்ஹோம் குளிரில், அபிஜித் பானர்ஜி வேட்டியில் போய்ப் பொருளாதாரப் பரிசை வாங்கிக்கொண்டார். விழாவின் கௌரவம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. நம்ம ஆபீஸ்களுக்கும் வேண்டியது அந்த ஒரு 'அல்லது'தான்!

நம்ம வீட்டு வாசல்

இதுவரை படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் செய்த அநியாயத்தை!' என்று மீசையை முறுக்கலாம். ஒரு நிமிஷம். நம்ம வீட்டு வாசலையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வேட்டியை யார் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்று இந்த மண்ணில் இருந்ததா? 1930ம் வருஷம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியார் எட்டுக் கட்டளை போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. செருப்பு, குடை கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளும் உடைமைகளும் தப்பவில்லை. இதையெல்லாம் ஹட்டன் என்ற அதிகாரி, இந்திய சாதிகளைப் பற்றிய தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1931 சென்சஸை நடத்தியவர் அவர்.

அதற்கும் முன்னே, இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் தென் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக முப்பது வருஷத்துக்கு மேல் போராடினார்கள். தெருவில் துணியைக் கிழித்த கொடுமைகள் நடந்தன. 1859 ஜூலை 26ல்தான் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அதுவும் முழு உரிமை இல்லை. 'உயர்ந்த சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது' என்ற வாலோடு!

இப்போது முதலில் பார்த்த கணக்குப்பிள்ளையின் மடித்த வேட்டியை யோசித்துப் பாருங்கள். பெரிய மனிதரைக் கண்டால் இறக்கிவிட வேண்டும் என்பது ஓர் ஊரின் சட்டம். இன்னொருவன் இறக்கிக் கட்டவே கூடாது என்பது இன்னோர் ஊரின் சட்டம். இரண்டுக்கும் முழங்கால்தான் எல்லைக்கல்! கிளப் வாசலில் அந்த நீதிபதிக்கு நேர்ந்தது ஒரு சாயங்கால அவமானம். ஒரு மாதத்தில் சட்டம் வந்துவிட்டது. வந்தது நியாயம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஊர் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்காக எந்தச் சட்டசபையும் ஒரு மாதத்தில் கொதித்து எழவில்லை.

அதனால் 'வேட்டி தமிழர் மானம்' என்று சொல்லும்போது, அந்த மானத்தை எல்லோருக்கும் சமமாக அளந்து கொடுத்தோமா என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆபீசுக்கு வேட்டி: ஐந்து யோசனைகள்

1. முதலில் விதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சண்டை போடாமல், பணிவாக எழுதிக் கேளுங்கள். புருவத்தால் 'கூடாது' என்பவர்கள் பலர், பேப்பரில் கையெழுத்துப் போடச் சொன்னால் யோசிப்பார்கள்.

2. தினமும் கட்ட எட்டு முழம், அதாவது 'டபுள்' வேட்டிதான் நல்லது. காற்றுக்குப் பயப்பட வேண்டாம். ஏற்காடு மாதிரிக் காற்றடிக்கும் ஊரில் நாலு முழம் 'சிங்கிள்' என்றால், ஃபைலைப் பிடிப்பதா, வேட்டியைப் பிடிப்பதா?

3. இடுப்பில் நிற்குமா என்ற பயம் உள்ளவர்களுக்குப் பட்டை பெல்ட் இருக்கவே இருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ வேட்டி, மொபைல் போனுக்குப் பாக்கெட் வைத்த வேட்டி எல்லாம் கடையில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் தோல் பைக்குப் பதில் நமக்கு இது!

4. பைக்கில் போகிறவர்கள், மெஷின் பக்கம் நிற்கிறவர்கள், ஏணி ஏறுகிறவர்கள் வேட்டியை சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குப் பண்பாடு தெரியாது.

5. வெள்ளை வேட்டி வேண்டும், துவைப்பது மட்டும் வீட்டுக்காரி என்றால் எப்படி? கறையும், கஞ்சியும், நீலமும், இஸ்திரியும் கட்டுகிறவர் பொறுப்பு. இந்த ஐந்தாவது விதிக்கு மட்டும் விலக்கு கிடையாது!

கடைசியில் நிற்பவர்

வேட்டிக்குச் சட்டம் வந்துவிட்டது. கோட்டைக்குள்ளும் வழி திறந்துவிட்டது. லுங்கிக்கு?

சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று அவர்களின் ஐதிகம் சொல்கிறது. காபிப் பழம் பறிப்பதும், மிளகுக்கு ஏணி வைப்பதும், மலைச்சரிவில் நாள் முழுக்க நிற்பதும் அந்த ஜனங்களும் அவர்களைப் போன்ற கூலிக்காரர்களும்தான். அட்டை கடிக்கிற ஈரத்தில், முட்களுக்கு நடுவில், ஒரு மனுஷனுக்குத் தோதான உடை மடித்துக் கட்டிய லுங்கியும், தலையில் ஒரு துண்டும், குளிருக்கு ஒரு போர்வையும்தான். அவர்களுக்கு அதுதான் ஆபீஸ் டிரெஸ்.

அந்த உடையோடு மத்தியானம் ஒருவர் பேங்க்குக்கோ, தாலுகா ஆபீசுக்கோ, ஏரிக்கரை ஹோட்டலுக்கோ போகிறார் என்று வையுங்கள். யாரும் 'வெளியே போ' என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நாற்காலியைக் காட்டவும் மாட்டார்கள். 'என்ன வேணும்?' என்பதில் 'ங்க' இருக்காது. பேண்ட் போட்டு அவருக்குப் பின்னால் வந்தவருக்கு முதலில் பதில் கிடைக்கும். சட்டத்தில் 'கண்ணியமான முறையில்' என்று ஒரு சொல் இருக்கிறது, பார்த்தீர்களா? அந்தக் கண்ணியத்தை அளக்கிற முழக்கோல் பெரும்பாலும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி கையில் இருக்கிறது. அவருக்கே பத்து மணி நேரம் கழற்ற முடியாத ஒரு யூனிஃபார்மை மாட்டிவிட்டுத்தான் அந்தக் கோலைக் கொடுத்திருக்கிறோம்.

ஸ்காட்லாந்தில் கில்ட்டை மீட்டது ராஜாவின் இடுப்பு. இங்கே வேட்டிக்குச் சட்டம் வாங்கிக் கொடுத்தது ஒரு நீதிபதியின் இடுப்பு. நம்ம லுங்கிக்கார அண்ணனுக்கு அப்படி ஒரு பெரிய இடுப்பு வந்து வாய்க்கப்போவதில்லை. அதனால் அடுத்த தடவை உங்கள் கவுன்ட்டருக்கு எதிரே அவர் வந்து நின்றால், கண் முழங்காலுக்குப் போகாமல் முகத்துக்குப் போகட்டும். "வாங்க, உட்காருங்க. என்ன வேணுங்க?" என்று கேளுங்கள்.

அதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை!